யாரு கறந்தது?

அவர் வாயிலிருந்து 'ஏன்' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. 'யாரு' என்றுதான் கேட்பார். டீ ஆறியிருந்தால், யாரு போட்டது. மோட்டார் புகைந்தால், யாரு சுவிட்ச் போட்டது. ஐப்பசி அடைமழையில் வைக்கோல் போர் நனைந்து நாறியபோது வானத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தார்ப்பாய் மூடாதது யாரு என்று கேட்டார். ஒருமுறை மின்சாரம் போய்க் கணினி அணைந்தது. மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்து, இப்போது வேலையில் இருப்பது யார், பெயர் என்ன என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தார். கரண்ட் எப்போது வரும் என்று கேட்கவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் கண்டுபிடிப்பது அவருடைய தொழில். எனக்கு அந்தத் தொழில் வேண்டாம்.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் அவருக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. அதற்கு முன் ஒரு பெரிய தொழிற்சாலையில், வண்டிகளுக்கு பிரேக் செய்யும் லைனில், தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்தார். ஒரகடம் பக்கம் நிலத்துக்கெல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஊரே விற்றுக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாங்கினார். கம்பெனிகள் வரும், ஆட்கள் வருவார்கள், வருகிறவர்கள் எல்லாரும் டீ குடிப்பார்கள், டீக்குப் பால் வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். கொட்டகை போட்டார், கலப்பின மாடுகளை லாரியில் இறக்கினார், நிலம் விற்றுக் காசு கரைந்துபோன வீடுகளின் பெண்களைக் கறவைக்கு வைத்தார். அலுவலக அறையில் ஒரு கணினியும் வைத்தார். அதற்கு ஆள் தேவை என்று படப்பை பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

நான் போனேன். என் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில், அம்மா களை எடுப்பதில். நான் காஞ்சிபுரம் போய்ப் புள்ளியியல் படித்து முதல் வகுப்பில் தேறினேன். சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் சான்றிதழைப் பார்க்கவில்லை.

"யாரும்மா சொன்னது, இங்க வேலை இருக்குன்னு?"

"நோட்டீஸ் பார்த்தேன் சார்."

"யாரு ஒட்டின நோட்டீஸ்?"

"நீங்கதான் சார்."

சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

அவரிடம் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொட்டகையில் இருந்த ஒவ்வொரு பெண்ணின் முழுப்பெயரும் அவருக்குத் தெரியும். புருஷன் பெயர், ஊர், எந்தத் தெரு எல்லாம் தெரியும். அந்தப் பக்கத்து முதலாளிகள் கூலிப் பெண்களை 'ஏய்' என்றும் 'இந்தாம்மா' என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். இவர் 'கன்னியம்மா' என்று முழுதாகக் கூப்பிடுவார். அதில் அவர்களுக்கு முதலில் பெருமைதான். ஆனால் ஒருவர் நம் பெயரை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது எதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

பிரேக் லைனில் நடந்த ஒரு கதையை அவர் அடிக்கடி சொல்வார். ஒரு வண்டியின் பிரேக் பிடிக்காமல் திரும்பி வந்ததாம். பாகத்தில் அடித்திருந்த எண்ணைப் பிடித்து, எந்த ஷிப்ட், எந்த மிஷின் என்று தேடி, கடைசியில் ஆபரேட்டர் பெயர்வரை போய் நின்றாராம். "ஆளப் புடிச்சேன். அதோட அந்தக் குறை நின்னுது" என்று முடிப்பார். முடிக்கும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த மிஷினுக்கு என்ன ஆயிற்று என்று ஒருமுறை கேட்டேன். "மிஷினா?" என்றார். யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றும் எனக்குப் பெருமையான வேலை அது. யார் கெடுத்தாலும் அது கெட்ட வேலை ஆகாது.

கன்று போட்ட மாட்டின் பால் நாளுக்கு நாள் ஏறும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஏறி இறங்கும் அந்தக் கோட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. எத்தனையாவது கன்று, கன்று போட்டு எவ்வளவு நாள், என்ன தீவனம், வெயில் எப்படி என்று கணினிக்குக் கொடுத்தால், இந்த மாடு இன்று சுமார் இவ்வளவு கறக்கும் என்று சொல்லும். சுமார்தான். மாடு ஒருநாள் கோட்டுக்கு மேலே போகும், ஒருநாள் கீழே வரும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கீழேயே இருந்தால் போய்ப் பார்க்க வேண்டும். கோட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளிக்காகத்தான் இவ்வளவு பாடும். வாயில்லாத ஜீவன் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லும் இடம் அது.

முதல் சில மாதம் அருமையாக நடந்தது. நன்றாகத் தின்றுகொண்டிருந்த ஒரு மாட்டுக்குப் பால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதைச் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் ஆரம்பம், நாளைக்குச் சொல்லியிருந்தால் மாடு படுத்திருக்கும் என்றார். உச்சத்தில் இருந்த மாட்டுக்கும் வற்றப்போகிற மாட்டுக்கும் ஒரே அளவு தீவனம் போட்டுக்கொண்டிருந்ததை மாற்றினோம். பால் கூடியது, தீவனம் மிஞ்சியது. சார் எனக்கு முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கணினியில் மாட்டுக்கு ஜாதகம் கணிக்கிறேன் என்று அவள் தெருவெல்லாம் சொல்லி வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பலகை வந்தது. தொழிற்சாலைகளில் லைன் தலைமாட்டில் தொங்குமே, அதே மாதிரி வெள்ளைப் பலகை. கொட்டகை வாசலில் மாட்டினார். மாட்டு எண், இன்றைய டார்கெட், கறந்தது, கறந்தவர் பெயர் என்று கட்டம் போட்டிருந்தது. என் கணினி சொன்ன எண்களை டார்கெட் என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார்.

"சார், இது நாம எதிர்பார்க்கறது. டார்கெட் இல்ல" என்றேன்.

"எதிர்பார்க்கறததானம்மா டார்கெட்னு சொல்றோம்."

"மாடு ஏறும், இறங்கும் சார். கம்மியா வந்தா மாட்டப் போய்ப் பார்க்கணும். அதுக்குத்தான் இந்த நம்பர்."

"மிஷின் கம்மியா குடுத்தா ஆபரேட்டரத்தான் பார்ப்பேன். இருபது வருஷம் பார்த்திருக்கேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

பலகை மாட்டிய மறுநாள் காலையே கன்னியம்மா அக்கா கறக்கும் மாடு ஒன்றில் பால் குறைந்தது. அவர் பலகை முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "யாரு கறந்தது?" என்றார். பெயர் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அது போதாது, வாயால் சொல்ல வேண்டும் அவருக்கு.

"நான்தான் சார். அது குடுத்தத கறந்தேன். குடுக்காதத அதாண்டதான் கேக்கணும்" என்றாள் அக்கா.

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சம்பளத்தில் பிடித்தார். அடுத்த நாள் வேறொருத்திக்குப் பிடித்தார். மூன்றாவது ஆளிடம், குறைந்த பாலை வீட்டுக்கு எடுத்துப் போகிறாயா என்று கேட்டே விட்டார். சாலையோரக் கம்பெனிகளில் துப்புரவுக்கும் கேன்டீனுக்கும் ஆள் எடுக்கிற காண்டிராக்டர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். இங்கே திருடி என்று பெயர் வாங்கினால் அந்த நெடுஞ்சாலை முழுக்கக் கதவு சாத்திவிடும். அது அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கன்னியம்மா அக்காவின் நிலம் வல்லம் பக்கம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. வந்த பணத்தை அவள் புருஷன் ஒரு பழைய வேனில் போட்டான். வேன் இப்போது ஓடவில்லை. அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எந்த மாடும் குறையவில்லை. கூடவும் இல்லை.

என் திரையில் அவ்வளவு அழகாக இருந்தது. ஒவ்வொரு மாட்டின் பாலைக் குறிக்கும் புள்ளியும் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. அக்னி நட்சத்திரத்தில், மாடுகள் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டு படுத்திருக்கும்போதும் புள்ளிகள் மட்டும் அசையவில்லை. நான் படித்த படிப்பில் இதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்று ஒரு பாடமே உண்டு. உயிருள்ள எதுவும் இப்படி வராது. யாரோ கையால் வரைகிறார்கள்.

அவருக்கோ தலைகால் புரியவில்லை. வங்கியிலிருந்து வந்தவர்களுக்கு என் அச்சுத்தாள்களை விரித்துக் காட்டினார். "ஒரு புள்ளி வெளிய போகல பாருங்க. லோக்கல் பொண்ணுதான் போடுது" என்று என்னைக் காட்டினார். அவர்கள் போனதும் சொன்னேன்.

"சார், இந்த நம்பர் பொய். மாடு இப்படிக் கறக்காது."

"யாரு பண்றாங்க?"

"அது இருக்கட்டும் சார். பலகைய எடுத்துட்டா சரியாயிடும்."

"நீ பேரு குடு. நான் பலகைய எடுக்கறேன்."

"பேரு எதுக்கு சார்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. எதற்கு என்றால் என்ன என்றே தெரியாத மாதிரிப் பார்த்தார்.

கன்னியம்மா அக்காவிடம் போனேன். அவள் மறைக்கவில்லை. கறந்து முடித்துத் தராசுக்குப் போகிற வழியில் வாளி கழுவுகிற குழாயடி இருக்கிறது. அங்கே நின்று, நிறைந்த வாளியிலிருந்து குறைந்த வாளிக்கு ஊற்றிச் சமமாக்கிக்கொண்டு போவார்கள். முதலில் ஊற்றியது அவள்தான். பக்கத்து மாட்டுக்காரி அழுதுகொண்டு நின்றிருக்கிறாள், இவள் தன் வாளியைச் சாய்த்திருக்கிறாள்.

"ஒரு சொட்டு வெளிய போவல கண்ணு. அவரு மாட்டு பாலு, அவரு வாளி, அவரு தராசு. இதுல இன்னா திருட்டு கீது?"

"எந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்க்கா."

"உனக்குத் தெரியறதுக்கு எங்க சம்பளத்த புடிக்கறாரு" என்றாள். "நீ கோடு போடற. அந்தக் கோட்டுல எங்கள நிக்க வெக்கறாரு. நாங்க நிக்கறோம். இன்னா பண்ண சொல்ற?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலும் கொஞ்சம் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்தக் கோடையின் கடைசியில் மடி நோய் வந்தது. முதலில் ஒரே ஒரு மாட்டுக்கு. காம்பில் பால் திரிந்து வந்திருக்கிறது, மடி ஒரு பக்கம் சூடாக இறுகியிருந்திருக்கிறது. பெண்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார் என்றும் தெரியும். இழுத்துக் கறந்து மடியைக் கெடுத்தது யாரு என்பார். மஞ்சளும் கற்றாழையும் அரைத்துப் பூசினார்கள். அந்த மாட்டின் பங்குப் பாலை மற்ற வாளிகளிலிருந்து ஊற்றி நிரப்பினார்கள். அதே கையோடு அடுத்த மாட்டைக் கறந்தார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். நோய் கையில் ஏறி வரிசையாகப் போனது.

பால் குளிரூட்டும் நிலையத்திலிருந்து பால் திரிந்ததென்று கேன்கள் திரும்பி வந்த அன்றுதான் வெளியே தெரிந்தது. டாக்டர் வந்து மாடு மாடாக மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். நாலைந்து மாட்டுக்குப் பிடித்திருந்தது. முதல் மாடு எழுந்திருக்கவில்லை. டாக்டர் என் அறைக்கு வந்து, அந்த மாட்டின் கணக்கைக் கேட்டார். காட்டினேன். முந்தின நாள் மாலைவரை கோட்டின் மேலேயே இருந்தது.

"இது முடியாதும்மா. இந்த மடில அரை லிட்டர் வராது. பத்து நாள் முன்ன பால் இறங்கினது தெரிஞ்சிருந்தா ஊசியிலயே போயிருக்கும்" என்றார்.

சார் பின்னாலேயே நின்றிருந்தார். வாளிக்கு வாளி ஊற்றியிருக்கிறார்கள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

பெண்கள் எல்லாரையும் பலகை முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். அவர் கத்தவில்லை, கத்தியே நான் பார்த்ததில்லை. தாழ்ந்த குரலில், பெயர் வராமல் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது, போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றார். மாடு உள்ளே கிடந்து முனகிக்கொண்டிருந்தது. டாக்டர், மீதி மாடுகளைப் பிரித்துக் கட்ட வேண்டும், கை கழுவ மருந்து வேண்டும், இரண்டு ஆளை அனுப்புங்கள் என்று இரண்டு முறை சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உன் கம்ப்யூட்டர்ல தெரியும் இல்லம்மா? யாரோட மாட்டுல மொதல்ல புள்ளி கோட்டுக்கு வந்துதோ, அவதான். எடுத்துச் சொல்லு."

அவர் முட்டாள் இல்லை. உண்மையிலேயே அதில் தெரியும். நான் எப்போதோ பார்த்துவிட்டேன். கன்னியம்மா அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்; கையில் மஞ்சள் காயாமல் இருந்தது. அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்" என்றேன். "பலகை மாட்டின அன்னிக்கு வரைக்கும் நம்பர் உண்மையா இருந்துச்சு. மாட்டினதுக்கு அப்புறம் பொய். இதையும் கம்ப்யூட்டர்தான் சொல்லுது. பலகைய மாட்டினது யாரு சார்?"

ஒரு நொடி அவர் முகத்தில் ஏதோ ஓடியது. அவர் கண்கள் பலகைக்குப் போயின. மாட்டு எண்ணில் நின்றன. பிறகு அடுத்த கட்டத்தில், டார்கெட்டில், என் கையெழுத்தில் நின்றன.

"இந்த நம்பர் யாரு குடுத்தது?" என்றார்.

"நான்."

"நீ குடுத்த நம்பருக்காகத்தான் இவங்க ஊத்தியிருக்காங்க."

அவ்வளவுதான். முகம் தெளிந்துவிட்டது. பிரேக் கதையை முடிக்கும்போது வருமே, அதே நிம்மதி. நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்றார். அப்போது கன்னியம்மா அக்கா வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், மொதல்ல ஊத்தினது நான். அந்தப் பொண்ணுக்கு இதுல ஒண்ணும் கிடையாது."

"நீ போய் வேலையப் பாரு கன்னியம்மா. முடிஞ்சுபோச்சு" என்றார்.

கேட்டீர்களா? இவ்வளவு நாள் அவர் தேடிய பெயர், சொந்தக்காரி வாயாலேயே வருகிறது. அவருக்கு அது தேவைப்படவில்லை. ஒரு பெயர் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஒரு குறைக்கு ஒரு பெயர் போதும். பெயர் கிடைத்தபின் குறை அங்கேயே கிடந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் என் உடம்பு கொதிப்பது அதற்குத்தான். என்னை அனுப்பியதற்காக அல்ல. என் படிப்பு எனக்கு வேறு இடத்தில் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. உள்ளே ஒரு மாடு செத்துக்கொண்டிருந்தது. அதன் கதையை எழுதப் படிக்கத் தெரிந்த கணினி பக்கத்து அறையில் இருந்தது. நடுவில் ஒரு மனிதர் நின்றுகொண்டு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

நான் அறைக்குப் போய் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். அன்று ராத்திரி மாடு போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

சில மாதம் கழித்து ஒரகடம் கூட்டுச் சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். வந்து நின்ற ஆட்டோவிலிருந்து கன்னியம்மா அக்கா இறங்கினாள். பண்ணையில்தான் இருக்கிறாள். என் இடத்தில் ஒரு பையன் வந்திருக்கிறானாம். அவனுக்குக் கோடு போடத் தெரியாது. ஒவ்வொரு மாட்டுக்கும் தை மாதம்வரை வரப்போகிற பாலை நான் முன்கூட்டியே அச்செடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பலகையில் தினமும் எழுதிப் போடுகிறான்.

"மாடு வத்தினா, சினையானா அதுல மாத்தணும்க்கா. இல்லன்னா நம்பர் தப்பாயிடும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"யாரு மாத்தறது? காது கறுத்த மாடு கீதே, அது வத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. வயித்துல கன்னு. நாங்க காம்ப தொடறதே இல்ல. பலகையில மட்டும் வேளை தவறாம கறக்குது."

"ஊத்தறீங்களா அதுக்கும்?"

"ஊத்தாம? டார்கெட் போட்டு கீதே." சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்றது. "போன வாரம் பேங்க்லேர்ந்து வந்தாங்க கண்ணு. ஒரு நாள்கூட கொறையாத மாடு எதுன்னு கேட்டாங்க. சாரு பலகைய பாத்துட்டு, அதத்தான் இட்டுக்கினு வரச் சொன்னாரு. மாலை போட்டு போட்டோ புடிச்சாங்க. கறக்கறவன்னு என்னையும் பக்கத்துல நிக்க வெச்சாங்க."